தழும்பற்ற தமிழகம்

மருத்துவர் முனைவர் பேராசிரியர் இளஞ்சேரலாதன் தன் பட்டங்களைச் சொல்லி முடிப்பதற்குள் சின்னக் காயம் ஒன்று தானாகவே ஆறிவிடும் என்று அவரிடம் வேலை பார்க்கும் நர்சுகள் சொல்வார்கள். அவர் கண்டுபிடித்த படலத்துக்கு அவ்வளவு வேகம் கிடையாது. ஆறு வாரம் பிடிக்கும். ஆனால் ஆறு வாரம் கழித்து உரித்தால் அடியில் தழும்பு என்ற ஒன்று இருக்காது. கத்தி பட்ட தோல், தீப்பட்ட தோல், தையல் போட்ட தோல், எதுவானாலும் சரி, பச்சைக் குழந்தையின் கன்னம் மாதிரி வழவழவென்று வந்து நிற்கும்.

இப்படி ஒன்றைக் கேள்விப்பட்டால் அரசாங்கம் சும்மா இருக்குமா? திட்டம் போட்டார்கள். 'தழும்பற்ற தமிழகம்' என்று பெயர் வைத்தார்கள். அதற்கு ஓர் இலச்சினை, ஒரு பாட்டு, பாட்டுக்கு ஒரு நடனம். மார்பகப் புற்றுநோய் அறுவை முடிந்த பெண்களுக்கு முன்னுரிமை. தென்மாவட்டங்களுக்கான மையம் திருநெல்வேலியில் எழும்பியது. லட்சமாவது பயனாளிக்கு மேடையிலேயே படலம் ஒட்டுவது என்று முடிவாயிற்று. அதற்காகப் பட்டுத் திரை ஒன்று வாங்கினார்கள். திரைக்குப் பின்னால் நர்ஸ் ஒட்டுவார். திரைக்கு முன்னால் அமைச்சர் பொத்தானை அழுத்துவார். பொத்தான் எதனோடும் இணைக்கப்படவில்லை.

அந்த லட்சமாவது ஆள் இசக்கியம்மாள். மையத்தின் வாசலில் அவள் படத்தைப் பனைமர உயரத்துக்கு அச்சடித்து, 'போராளி இசக்கியம்மாள்' என்று போட்டிருந்தார்கள். காரை விட்டு இறங்கியவள் அதை அண்ணாந்து பார்த்தாள்.

"நான் எங்க அத்தான் போராடினேன்? மயக்க மருந்து குடுத்தாவ, தூங்கினேன். போராடுனது டாக்டரம்மா."

"சத்தம் போடாத. நாலு பேரு பாக்குதாவ" என்றார் அவள் கணவர் ஆவுடையப்பன்.

"பாக்கத்தானே இம்புட்டுப் பெரிசா ஒட்டியிருக்காவ?"

பாளையங்கோட்டையில் இசக்கி டிரைவிங் ஸ்கூல் என்றால் தெரியாதவர்கள் இல்லை. கார்கள் தாமாகவே ஓட ஆரம்பித்து வருடக்கணக்காகிவிட்டது. ஆனால் உரிமம் வாங்கிய ஒருவர் உள்ளே உட்கார்ந்தால்தான் அவை நகரும். நம் சட்டம் எப்போதும் காருக்குப் பின்னால்தான் வரும். ஆகவே ஒருநாளும் ஓட்டப் போகாத மனிதர்களுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்து இசக்கியம்மாள் நன்றாகவே பிழைத்தாள். கற்கிறவர் வலப்பக்கம், அவள் இடப்பக்கம், அவள் காலடியில் தனியாக ஒரு பிரேக். இருபது வருடமாக அந்த இடது சீட்டில் உட்கார்ந்து பெரிய மனிதர்களின் நடுங்கும் முழங்கால்களைப் பார்த்தவள். அதனால் அவளுக்குப் பெரிய மனிதர்கள் என்றால் பயம் கிடையாது.

போன வருடம் இடது மார்பை எடுத்துவிட்டார்கள். மருந்தெல்லாம் முடிந்து, முடிகூட முளைத்துவிட்டது. பார்க்க வந்தவர்கள் ஹார்லிக்சும் மாதுளம்பழமும் அறிவுரையும் கொண்டுவந்தார்கள். ஹார்லிக்ஸ் மட்டும் தீர்ந்தது. "உயிர் பிழைச்சதே பெரிசு. இந்த வயசுல இனிமே அது எதுக்கு?" என்று ஒருத்தி கேட்டாள். கேட்டவளுக்கு அறுபது வயது, இரண்டும் இருந்தது.

இசக்கியம்மாள் கண்ணாடியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள். வாளியையே பார்த்துக் குளித்தாள். பஞ்சு வைத்த உள்ளாடையை வாங்கி, அதை மாட்டும்போதும் வேறெங்கோ பார்த்தாள். புண் ஆறியபின் தழும்பைத் தடவிவிடக் கற்றுக்கொடுத்த நர்ஸ் ஷகிலாதான் இதைக் கண்டுபிடித்தாள்.

"புண்ணு நல்லா மூடிருச்சு அக்கா. இனி தினமும் தடவணும். வாசனை இல்லாத எண்ணெய், ரெண்டு விரல், சின்னச் சின்ன வட்டம். மேலாப்புல தேய்ச்சா புண்ணியமில்ல. அழுத்தி, தோலு நகரணும். வெயில் படக்கூடாது. சிவந்துச்சு, வீங்குச்சு, நீர் வடிஞ்சுச்சுன்னா அன்னைக்கே ஓடி வரணும். நான் சொல்லுதது காதுல விழுதா? எங்க பாக்குதிய?"

"ஃபேனைப் பாக்குதேன்."

"ரோட்டப் பாக்காம வண்டி ஓட்டச் சொல்லிக் குடுப்பியளா?"

இசக்கியம்மாள் ஃபேனிலிருந்து கண்ணை இறக்கினாள். குனிந்து பார்த்தாள். புறவழிச்சாலை போடுவதற்காகக் கோடு கிழித்துவிட்டு, நிதி வராமல் அப்படியே விட்டுவிட்டுப் போன மாதிரி, அக்குளிலிருந்து நடு நெஞ்சு வரைக்கும் கோணலாக ஒரு கோடு. அன்று அழுதாள். மறுநாளும் பார்த்தாள், அழுகை கொஞ்சம் குறைந்தது. அதற்கடுத்த வாரம், "கடைசி ரெண்டு தையலை அவசரத்துல போட்டிருக்காவ" என்று குறை சொன்னாள். குறை சொல்ல ஆரம்பித்துவிட்டால் இசக்கியம்மாள் தேறிவிட்டாள் என்று அர்த்தம்.

சுவரில் விரல்களைப் பல்லி மாதிரி ஏற்றி ஏற்றிக் கையைத் தூக்கப் பழகினாள். சீட் பெல்ட்டை இடக்கையால் பின்னாலிருந்து இழுக்க முடிந்த அன்று தெரு முழுக்க லட்டு கொடுத்தாள். யாருக்கும் காரணம் சொல்லவில்லை. ஆனால் பெல்ட் மேலே படிவது அவளுக்குத் தெரியவில்லை. தழும்பைச் சுற்றி மரத்துக் கிடந்தது. ஒரு தடவை உரசி உரசித் தோல் கன்றிப்போனதைக்கூட ராத்திரிதான் பார்த்தாள். அதற்கப்புறம் பெல்ட்டுக்கு அடியில் பருத்தித் துணியை மடித்து வைத்துக்கொண்டாள். தடவுவதை மட்டும் விடவில்லை.

அப்புறம் ஒருநாள் வண்ணார்பேட்டையில் வங்கி மேலாளர் ஒருவர் ஆட்டுக்குட்டியைக் கண்டு அலறி, பிரேக்கை ஏறி மிதித்தார். மடித்த துணியையும் மீறிப் பெல்ட் அவள் நெஞ்சைக் கவ்வியது.

"ஆ!"

"சாரி மேடம்! வெரி சாரி!"

"வலிக்கி சார்!" இசக்கியம்மாள் சிரித்தாள், கண்ணில் நீர் வழிந்தது. "வலிக்கி! இன்னொரு தடவ போடுங்க பிரேக்க!"

மேலாளர் மறுநாளிலிருந்து வேறு பள்ளிக்குப் போய்விட்டார்.

இதெல்லாம் ஆவுடையப்பனுக்குத் தெரியாது. மனிதர் மின்வாரியத்தில் கணக்கர். நல்லவர். நல்லவர்களுக்கே உரிய பயந்த சுபாவம். அறுவைக்குப் பிறகு கட்டிலின் ஓரத்துக்கு நகர்ந்து படுத்தவர் அங்கேயே குடியேறிவிட்டார். அவள் கண்ணாடியைத் திருப்பி வைத்ததைப் பார்த்து மனம் பொறுக்காமல் படலத்துக்கு மனுப் போட்டதும் அவர்தான். அவர் ஓரமாகப் படுப்பதைப் பார்த்து மனம் பொறுக்காமல் அவளும் சரி என்றாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவில்லை. கல்யாணமாகி இருபத்தைந்து வருடமானால் கேட்கத் தேவையில்லை என்று ஒரு நம்பிக்கை இருக்கிறதே, அதுதான்.

விழாவுக்கு முன் இளஞ்சேரலாதன் அவர்களைத் தன் அறைக்கு வரவழைத்தார். எதிரில் இரண்டு நாற்காலி. ஆவுடையப்பனைப் பார்த்துத்தான் பேசினார்.

"துணைவியார் நலமா? உண்கிறார்களா? உறங்குகிறார்களா?"

"நல்லா இருக்கா சார். நல்லா சாப்பிடுதா" என்றார் ஆவுடையப்பன்.

நம் ஆஸ்பத்திரிகளில் இது ஒரு மரபு. நோய் ஒருவருக்கு, பேச்சு கூட வந்தவருக்கு. ஒர்க்‌ஷாப்பில் விட்ட காரிடம் போய், 'எங்கே சத்தம் வருது?' என்று மெக்கானிக் கேட்பானா? வண்டிக்காரனைத்தானே கேட்பான்? இசக்கியம்மாளுக்கு இது பழகிப்போயிருந்தது. ஆனாலும் அன்று ஒரு கேள்வி கேட்டாள்.

"சார், இது எப்படி வேலை செய்யுது?"

இளஞ்சேரலாதன் அந்தக் கேள்விக்கும் ஆவுடையப்பனுக்கே பதில் சொன்னார். "காயத்தை நினைவில் வைத்திருப்பதால்தான் தோல் தழும்பாகிறது. என் படலம் அந்த நினைவை அழிக்கிறது. உயிரணுக்கள் கள்ளமற்ற முதல் நிலைக்குத் திரும்பித் தோலைப் புதிதாய் நெய்கின்றன. நரம்புகள் குறுக்கிட்டால் நெசவு கோணும். ஆகவே அவற்றை முதலில் உறங்க வைக்கிறோம்."

"எப்ப முழிக்கும்?"

"விழிக்கும்."

"எப்பன்னு கேட்டேன்."

அப்போதுதான் அவர் அவள் பக்கம் திரும்பினார். "அம்மா, இத்தனை பேருக்கு ஒட்டியிருக்கிறோம். ஒருவர்கூடக் குறை கூறவில்லை. ஒவ்வொருவரிடமும் நேரில் கேட்டிருக்கிறோம். எல்லாருமே 'நல்லா இருக்கிறது' என்றுதான் சொன்னார்கள்."

"பிடிக்கலைன்னா எடுத்துரலாமா?"

"அழிந்த நினைவை எப்படி மீட்பது? அது நிலையானது. அதுவே அதன் பெருமை."

வெளியே காத்திருப்புக் கூடத்தில் முன்பே படலம் ஒட்டிக்கொண்ட பெண்களை வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். எல்லாருக்கும் ஒரே நிறத்தில் சேலை, கையில் சாமந்திப்பூ. ஒவ்வொருத்தி பக்கத்திலும் ஒரு கணவரோ, அண்ணனோ, மகனோ. இசக்கியம்மாள் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். அடுத்த நாற்காலியில் ஜெபராணி, சாத்தான்குளத்துக்காரி. அவள் கணவர் காபி வாங்கப் போயிருந்தார்.

"உங்களுக்கு எந்தப் பக்கம்க்கா?" என்றாள் ஜெபராணி. காய்கறிக்கடையில் விலை கேட்பது மாதிரிதான் கேட்டாள்.

"இடது. உனக்கு?"

"வலது. படலம் ஒட்டி ரெண்டு வருசமாச்சு. பாத்தா நம்ப மாட்டிய. கோடே கிடையாது."

"தொட்டா தெரியுதா?"

ஜெபராணி வாசலைப் பார்த்தாள். கணவர் இன்னும் வரவில்லை. மெதுவாகச் சேலைத் தலைப்பை ஒதுக்கி, ரவிக்கைக் கழுத்தை இரண்டு விரலால் இறக்கிக் காட்டினாள். பளிங்கு மாதிரித் தோல். அதன் நடுவில் உள்ளங்கை அகலத்துக்குப் பொத்துப்போய் ஆறிக்கொண்டிருந்த புதுப் புண்.

"இட்லிக் கொப்பரை. குனிஞ்சு தட்டை எடுத்தேன். பட்டதே தெரியல. வாடை வந்துச்சு. அடுப்புல ஏதோ கருகுதுன்னு அடுப்பைப் பாத்தேன்க்கா. கருகுனது நாந்தான்."

இசக்கியம்மாள் அந்தப் புண்ணையே பார்த்தாள். "இவங்ககிட்டச் சொல்லலையா?"

"கேட்டாத்தான சொல்லணும்? 'நல்லா இருக்கா'ன்னு எங்க வீட்டுக்காரரைக் கேட்டாவ. அவிய 'ரொம்ப நல்லா இருக்கு'ன்னுட்டாவ. அவிய சொன்னதும் நிசந்தானே, பாக்கிறதுக்கு நல்லாத்தான் இருக்கு." சிரித்தாள். "படலம் போடுததுக்கு முந்தி தழும்பு ஓரத்துல லேசா உணர்ச்சி வந்துட்டுத்தான் இருந்துச்சு. கூசும். அரிக்கும். அப்ப அது தொந்தரவுன்னு நினைச்சேன்."

இசக்கியம்மாள் அந்த வரிசையைப் பார்த்தாள். கணவர், அண்ணன், மகன், கணவர், கணவர். ஒரு லட்சம் பேரிடம் கேட்டார்களாம். கேட்டார்கள்தான். கூட வந்தவர்களிடம்.

எழுந்து போய் ஆவுடையப்பனைத் தூணோரம் இழுத்தாள்.

"உங்களுக்கு இந்தப் படலம் வேணுமா?"

"எனக்கா? நீதானே கண்ணாடியே பாக்க மாட்டேன்னு இருந்தே?"

"அது அப்ப. இப்ப தினமும் பாக்குதேன். நீங்கதானே சுவரோடு ஒட்டிப் படுக்குதிய? அருவருப்பா இருக்கோன்னு நினைச்சேன்."

ஆவுடையப்பனின் முகம் போன போக்கைப் பார்த்தால் மின்சாரக் கம்பியை மிதித்துவிட்டாரோ என்று தோன்றும். "அருவருப்பா? ஏட்டி, தூக்கத்துல கைபட்டு வலிச்சிருமோன்னு பயந்துல்லா தள்ளிப் படுத்தேன்."

"வலிக்கும். வலிச்சா என்ன? வலிக்கணும்னுதானே தினமும் எண்ணெய் போட்டுத் தடவிட்டிருக்கேன்!"

அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் பேண்ட் வாத்தியம் முழங்கியது. இரண்டு தொண்டர்கள் வந்து, "அம்மா, மேடைக்கு வாங்க, ஐயாவும் வாங்க" என்று சாமி தூக்குகிற மாதிரிக் கொண்டுபோய்க் கூடத்தின் கோடியில் இருந்த மேடையில் உட்கார வைத்துவிட்டார்கள். பின்னால் பட்டுத் திரை விலகி, உள்ளே ஒரு கட்டில் தெரிந்தது. கட்டில் பக்கத்துத் தட்டில் கண்ணாடித்தாள் மாதிரி ஒரு படலம். அவ்வளவு சின்னது. அதைத் தன் மேல் வைத்துவிட்டால் வண்ணார்பேட்டையில் திரும்பிவந்த வலி இனி வராது என்று இசக்கியம்மாள் நினைத்துக்கொண்டாள்.

"அமைச்சர் வள்ளியூரைத் தாண்டிவிட்டார்கள்" என்று அறிவிப்பாளர் முழங்கினார். கைதட்டல். தொண்டர் ஒருவர் வந்து ரிப்பனைச் சுருட்டிச் செய்த பெரிய பேட்ஜை இளஞ்சேரலாதனின் வெள்ளைச் சட்டையில் இடது மார்பில் அவசர அவசரமாகக் குத்திவிட்டுப் போனார். அமைச்சர் வரும்வரை நேரத்தைக் கடத்த வேண்டுமே. இளஞ்சேரலாதன் மைக்கைப் பிடித்தார். தோலின் தோற்றம், தமிழரின் தொன்மை, இரண்டுக்குமான தொடர்பு என்று நீண்ட நேரம் ஓடிய பேச்சு, ஓரிடத்தில் தானாக இறங்கி நடக்க ஆரம்பித்தது.

"இந்தப் படலத்தின் முதல் பயனாளி நான்தான். எனக்குப் பத்து வயதில் கொதிக்கிற கஞ்சி கொட்டி இந்த இடப்பக்க நெஞ்சு முழுக்க வெந்துபோனது. எங்கள் தெருப் பையன்கள் எனக்கு வைத்த பெயரை இங்கே சொல்ல முடியாது. தாமிரபரணிக் கரையில் பிறந்துவிட்டு, சட்டையோடு குளித்தவன் நான். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் இந்தப் படலத்தை எனக்கே ஒட்டிக்கொண்டேன். அதன் பிறகுதான் ஆற்றில் சட்டையைக் கழற்றினேன்."

இவ்வளவு நேரமும் மனத்துக்குள் அவரைத் திட்டிக்கொண்டிருந்த இசக்கியம்மாளுக்கே ஒரு கணம் பாவமாக இருந்தது. அவரை ஏறிட்டுப் பார்த்தாள். அப்போதுதான் அது கண்ணில் பட்டது. பேட்ஜுக்குக் கீழே வெள்ளைச் சட்டையில் ஒரு சிவப்புப் பொட்டு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது எட்டணா அளவாயிற்று. அப்புறம் ஒரு ரூபாய் அளவு. அவர் பேசிக்கொண்டே இருந்தார். கையை வீசினார். ஒவ்வொரு வீச்சுக்கும் சிவப்பு இன்னும் கொஞ்சம் பரந்தது.

இசக்கியம்மாள் எழுந்து அவரிடம் போனாள்.

"ஐயா, கொஞ்சம் அசையாம நில்லுங்க."

"என்னம்மா, பேசிக்கொண்டு இருக்கிறேன் அல்லவா?"

அவள் பேட்ஜைப் பிடித்து மெதுவாக ஊக்கைக் கழற்றினாள். தொண்டரின் அவசரத்தில் ஊக்கு சட்டையோடு சேர்த்து அவரையும் தைத்திருந்தது. உருவும்போது தோல் கூடாரம் மாதிரி எழும்பி அடங்கியது. அவர் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. குனிந்து சட்டையைப் பார்த்தார். யாருடைய ரத்தம் என்று தேடுகிறவர் மாதிரிச் சுற்றுமுற்றும் பார்த்தார். மறுபடி சட்டையைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியவில்லையே" என்றார். மைக் திறந்துதான் இருந்தது.

"ஒன்பது வருசமா ஒரு தடவகூடத் தோணலையாய்யா?"

"தினமும் கண்ணாடியில் பார்ப்பேன் அம்மா. நன்றாகத்தான் இருந்தது."

"நீங்களும் கண்ணாடியைத்தான் கேட்டிருக்கிய. கண்ணாடிக்கு வலிக்காதுல்லா?"

அறிவிப்பாளர் திறமைசாலி. இந்த மாதிரி எத்தனையோ விழாக்களைக் காப்பாற்றியவர். "அமைச்சர் நாங்குநேரியைத் தாண்டிவிட்டார்கள்! இப்போது பயனாளியின் கணவர் தம் இசைவைத் தெரிவிப்பார்!" என்று இன்னொரு மைக்கை ஆவுடையப்பன் வாயருகே நீட்டினார்.

ஆவுடையப்பன் அந்த மைக்கைப் பாம்பைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"உடம்பு அவளுது" என்றார். "அங்கன குடுங்க."

மைக் கைமாறியது. இசக்கியம்மாள் அதை வாங்கிக்கொண்டாள். இருபது வருடமாகச் சத்தம் போட்டுப் பழகிய தொண்டைக்கு மைக் தேவைப்படவில்லை, ஆனாலும் வைத்துக்கொண்டாள்.

"எனக்கு இது வேண்டாம். வேணுங்கிறவங்களைத் தப்புச் சொல்லல. ஐயா ஆத்துல சட்டையைக் கழட்டுனது பெரிய விசயந்தான். ஆனா, என்னத்தக் குடுத்து என்னத்த வாங்குதோம்னு தெரிஞ்சு வாங்கணும்லா? என் தழும்பு கோணலாத்தான் இருக்கு. அதை ஒவ்வொரு நாளும் நானே தடவித் தடவி எழுப்பியிருக்கேன். எந்திரிச்சதை மறுபடி தூங்க வைக்க மாட்டேன்."

யாரும் கைதட்டவில்லை. கைதட்டலாமா என்று தெரியாமல் தொண்டர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முன்வரிசையில் ஜெபராணி எழுந்து நின்றாள். அவள் கணவர் அவள் கையைப் பிடித்து உட்கார வைக்கப் பார்த்து, ரவிக்கைக் கழுத்துக்குக் கீழே எதையோ கண்டு, கையை எடுத்துவிட்டார். "இது என்ன ஜெபா?" என்று அவர் கேட்டது மேடைவரைக்கும் கேட்டது. அதற்குப் பின்னால் இன்னொருத்தி எழுந்தாள். சாமந்திப்பூவை நாற்காலியில் வைத்துவிட்டு இன்னும் ஒருத்தி. கூடமெங்கும் ஆண்களின் குரல்கள், தாழ்ந்து, தயங்கி: "உனக்குமா?" "எப்பலேர்ந்து?" "ஏன் சொல்லல?"

இளஞ்சேரலாதன் சட்டையில் ரத்தத்தோடு மேடைப் படியில் இறங்கினார். பொன்னாடைத் தட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடிய தொண்டரைக் கையால் தடுத்தார். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப்போட்டு, பின்னாலேயே இறங்கிவந்து படியோரம் நின்ற இசக்கியம்மாளை உட்காரச் சொன்னார். தான் கீழ்ப்படியிலேயே உட்கார்ந்தார். பட்டங்கள் எல்லாம் எங்கோ இறங்கிப் போயிருந்தன. வெறும் இளஞ்சேரலாதனாக, கஞ்சி கொட்டிய பையனாக இருந்தார்.

ஆவுடையப்பன் பக்கத்தில்தான் நின்றார். இளஞ்சேரலாதன் அவரைப் பார்க்கவில்லை.

"அம்மா," என்றார், "உங்களுக்கு எப்படி இருக்கு?"

ஒரு வருடமாக எத்தனையோ டாக்டர்கள், எத்தனையோ அறைகள். இந்தக் கேள்வி முதல் தடவையாக அவளைத் தேடி வந்திருந்தது. இசக்கியம்மாள் அவசரப்படவில்லை. சேலைக்கு மேலாக இடது நெஞ்சில் கையை வைத்து, கோடு போகிற வழியில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"அக்குள் பக்கம் எரியுது. நடுவுல இழுக்குது. ஓரத்துல ஒரு இடம் நல்லாக் கூசுது. அதுக்குக் கீழ இன்னும் மரக்கட்டைதான். அது வர நாளாகும்போல. குளிர்காலத்துல கொஞ்சம் குத்தும்." விரலை எடுத்தாள். "ஆனா ஒண்ணு ஐயா. எல்லாம் எனக்குத்தான் தெரியுது."